இம்மானுவேல் அடையாளம் யாருக்குக் கொடுக்கப்பட்டது?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "ஏசாயா 7:14 இயேசுவின் பிறப்பை முன்னறிவிக்கும் வசனம் என்று சிறுவயது முதல் கிறிஸ்துமஸ் ஆராதனையில் கேட்டு வளர்ந்தேன். அண்மையில் அந்த அதிகாரத்தை முழுதாக வாசித்தபோது அதில் ஒரு போரும் இரண்டு ராஜாக்களும்தான் வந்தார்கள். அப்படியானால் மத்தேயு வசனத்தைத் திரித்துவிட்டாரா? யூதர்கள் சொல்வதுதான் சரியா? இனி இதை எப்படி விசுவாசத்தோடு வாசிப்பது?"

அதிகாரத்தை முழுதாக வாசித்தீர்களே, பாதி வேலை அங்கேயே முடிந்துவிட்டது. ஏசாயா தன் காலத்து அரசனிடம், தன் காலத்து ஆபத்தைப் பற்றித்தான் பேசினார். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மத்தேயு திரித்தார் என்ற குற்றச்சாட்டையும் நான் ஏற்கவில்லை. இரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று சொல்ல, கொஞ்சம் வரலாற்றுக்குள் போக வேண்டும்.

கி.மு. 735 வாக்கில் அசீரியப் பேரரசு மூன்றாம் திகிலாத்பிலேசரின் கீழ் மேற்கே விரிந்துகொண்டிருந்தது. தமஸ்குவின் அரசன் ரேத்சீனும், சமாரியாவிலிருந்து வட இஸ்ரவேலை ஆண்ட பெக்காவும் கூட்டுச் சேர்ந்தார்கள். அசீரியாவை எதிர்க்கும் அணியில் யூதாவையும் இழுப்பதுதான் அவர்கள் நோக்கம் என்று பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். யூதாவின் அரசன் ஆகாஸ் இணங்கவில்லை. படை எருசலேமை நோக்கி வந்தது. ஆகாசை இறக்கிவிட்டு, தாபேயாலின் மகன் என்று மட்டும் அறியப்படுகிற ஒருவனை அரியணையில் ஏற்றுவது திட்டம். தாவீதின் வம்சம் அத்தோடு முடிந்துவிடும். காட்டு மரங்கள் காற்றில் அசைவதுபோல் அரசனின் இருதயமும் ஜனங்களின் இருதயமும் அசைந்தன என்று 7:2 சொல்கிறது.

ஆகாசை ஏசாயா சந்தித்த இடம் வண்ணார்துறை வழியில், மேல்குளத்து மதகின் கடைசி. முற்றுகை வந்தால் நகரத்துக்குத் தண்ணீர் கிடைக்குமா என்று பார்க்கத்தான் அரசன் அங்கே போயிருப்பான் என்பது உரைகாரர்களின் ஊகம், நியாயமான ஊகம். ஏசாயா தனியாக வரவில்லை. சேயார்யாசூப் என்ற தன் மகனைக் கூட்டி வருகிறார். 'மீதியானவர்கள் திரும்புவார்கள்' என்று பொருள்படும் பெயர். பிள்ளைக்கு வைத்த பெயரே அரசனுக்குச் செய்தி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்து வரும் இரண்டு பிள்ளைகளின் பெயர்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

ஏசாயா சொன்னது இவ்வளவுதான்: பயப்படாதே, அந்த இருவரும் புகைகிற கொள்ளிக்கட்டைகள், விசுவாசியாவிட்டால் நிலைபெறமாட்டீர்கள். ஓர் அடையாளம் கேள் என்கிறார். ஆகாஸ், ஆண்டவரைப் பரீட்சை செய்யமாட்டேன் என்று பக்தியாகச் சொல்லித் தட்டிக்கழிக்கிறான். அவன் மனம் வேறு பக்கம் போய்விட்டது. 'நான் உமது அடியானும் உமது குமாரனுமாயிருக்கிறேன்' என்று அசீரிய அரசனுக்குத் தூது அனுப்பி, ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் அள்ளிக் கொடுத்ததை 2 இராஜாக்கள் 16 பதிவு செய்கிறது. திகிலாத்பிலேசரின் கப்பப் பட்டியலிலும் யூதாவின் யோவாகாஸ் என்று அவன் முழுப்பெயர் இருக்கிறது.

அவன் கேட்க மறுத்த அடையாளத்தைத்தான் ஏசாயா தாமாகவே கொடுக்கிறார்: ஒரு பெண் கருவுற்று மகனைப் பெறுவாள், அவனுக்கு இம்மானுவேல் என்று பெயரிடுவாள். நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் இங்கே நின்றுவிடுகின்றன. ஆனால் வாக்கின் உயிர் 16ஆம் வசனத்தில் இருக்கிறது. அந்தப் பிள்ளை தீமையைத் தள்ளி நன்மையைத் தெரிந்துகொள்ளும் வயதை எட்டுவதற்கு முன்பே, நீ அஞ்சுகிற இரண்டு ராஜாக்களின் தேசம் பாழாகும். அதாவது அடையாளம் ஒரு காலக்கெடு. பிள்ளை வளரும் சில ஆண்டுகளே அந்தக் கெடுவின் அளவு. அப்படியே நடந்தது. கி.மு. 732-இல் தமஸ்கு அசீரியர் கையில் விழுந்தது, ரேத்சீன் கொல்லப்பட்டான். பெக்காவை ஓசெயா கொன்று அரியணை ஏறினான். அந்த ஆட்சி மாற்றத்தை அசீரியக் கல்வெட்டுகளும் சொல்கின்றன. 722 வாக்கில் சமாரியாவும் வீழ்ந்தது.

அந்தப் பிள்ளை எழுநூறு ஆண்டுகளுக்குப் பிறகுதான் பிறக்கும் என்பது பொருளானால், வாசலில் எதிரிப் படையை வைத்துக்கொண்டு நிற்கும் ஆகாசுக்கு அதனால் என்ன பயன்? அவன் கண்ணால் காண முடியாத அடையாளம் அவனுக்கு அடையாளமே ஆகாது.

எட்டாம் அதிகாரம் இதை உறுதிப்படுத்துகிறது. ஏசாயாவுக்கு இன்னொரு மகன் பிறக்கிறான், மகேர்-சாலால்-அஷ்-பாஸ் என்று பெயர், 'கொள்ளை விரைகிறது, சூறை துரிதப்படுகிறது' என்று பொருள். அவன் அப்பா, அம்மா என்று கூப்பிட அறியும் முன்பே தமஸ்குவின் செல்வமும் சமாரியாவின் கொள்ளையும் அசீரியாவுக்குப் போய்விடும். அதே எதிரிகள், அதே வகைக் காலக்கெடு. நானும் ஆண்டவர் எனக்குக் கொடுத்த பிள்ளைகளும் இஸ்ரவேலில் அடையாளங்களாக இருக்கிறோம் என்று 8:18-இல் ஏசாயாவே சொல்லிவிடுகிறார். இன்னொன்றும் உண்டு. எட்டாம் அதிகாரத்தில் அசீரியா என்ற வெள்ளம் யூதாவுக்குள்ளும் புகுந்து கழுத்துவரை ஏறுகிறது, அங்கே 'இம்மானுவேலே' என்ற விளி மறுபடி வருகிறது. 'தேவன் நம்மோடு' என்ற பெயர் நம்புகிறவனுக்கு ஆறுதல், நம்பாத அரசனுக்குத் தீர்ப்பு. நத்தார் அட்டைகளில் பார்க்கும் இனிமையை விட அது கனமான பெயர்.

பிள்ளை யார்? ஆகாசின் மகன் எசேக்கியா என்று யூதர்கள் பழங்காலத்தில் சொன்னார்கள், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் மார்ட்டிர் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் எழுதிய உரையாடலில் திரிஃபோ என்ற யூதர் இதைத்தான் வாதிடுகிறார். ஆனால் கணக்கு உதைக்கிறது. ஆகாஸ் ஆண்டது 16 ஆண்டுகள், எசேக்கியா அரசனானது 25 வயதில். ஆகாஸ் பட்டத்துக்கு வரும்போதே எசேக்கியா ஒன்பது வயதுப் பையன். இந்தச் சிக்கலை 11ஆம் நூற்றாண்டில் ராஷி என்ற யூத உரையாசிரியர் கவனித்தார். அவருக்குப் பின் வந்த இப்ன் எஸ்ரா, இம்மானுவேலும் ஏசாயாவின் மகனே என்றார். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

'கன்னிகை' என்ற சொல்லைப் பற்றிய சண்டை உங்கள் காதிலும் விழுந்திருக்கும். எபிரேயச் சொல் இளம்பெண்ணைக் குறிக்கும், கிரேக்க மொழிபெயர்ப்பில் கன்னி என்று வந்தது, மத்தேயு கிரேக்கத்தைப் பின்பற்றினார். உண்மைதான். ஆனால் அந்தச் சொல்லை எப்படித் தீர்த்தாலும் 16ஆம் வசனத்தின் காலக்கெடு அங்கேயே இருக்கிறது. இருதரப்பும் ஒரே சொல்லின்மேல் இத்தனை நூற்றாண்டுகள் செலவழித்தது வீண் என்றே நினைக்கிறேன்.

இப்போது மத்தேயுவுக்கு வருவோம். அவர் என்ன செய்கிறார் என்பதை 1:23-ஐ விட 2:15 தெளிவாகக் காட்டும். குழந்தை இயேசுவை எகிப்துக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருகிறார்கள். 'எகிப்திலிருந்து என்னுடைய குமாரனை வரவழைத்தேன்' என்று தீர்க்கதரிசி சொன்னது நிறைவேறும்படி இது நடந்தது என்கிறார் மத்தேயு. அது ஓசியா 11:1. அந்த வசனத்தின் முதல் பாதியை வாசியுங்கள்: 'இஸ்ரவேல் இளைஞனாயிருந்தபோது நான் அவனை நேசித்தேன்.' குமாரன் என்பது இஸ்ரவேல் ஜனம். வரவழைத்தது மோசேயின் காலத்தில். ஓசியா கடந்த காலத்தைத்தான் பேசுகிறார்; வரப்போகும் எதையும் முன்னறிவிக்கவே இல்லை. அடுத்த வசனத்திலேயே அந்தக் குமாரன் பாகால்களுக்குப் பலியிடுகிறான். அதையும் இயேசுவுக்குப் பொருத்த யாரும் துணியமாட்டார்கள்.

மத்தேயுவுக்கு இது தெரியாதா? வேதத்தை மனப்பாடமாக அறிந்த யூதச் சூழலில் எழுதியவர் அவர், வாசகர்களும் அப்படிப்பட்டவர்களே. அவருடைய முதல் நான்கு அதிகாரங்களைத் தொடர்ச்சியாகப் பாருங்கள். பிள்ளைகளைக் கொல்லும் கொடுங்கோலன், எகிப்து, அங்கிருந்து புறப்பாடு, தண்ணீரைக் கடப்பது, வனாந்தரத்தில் நாற்பது நாள். வனாந்தரத்தில் சோதிக்கிறவனுக்கு இயேசு சொல்லும் மூன்று பதில்களும் உபாகமத்திலிருந்து வருபவை, இஸ்ரவேல் நாற்பது ஆண்டுகள் சறுக்கிய இடங்களைப் பற்றியவை. இஸ்ரவேலின் கதையை ஒரே மனிதனில் மறுபடி நடத்திக்காட்டுகிறார் மத்தேயு. முதல் குமாரன் தவறிய பாதையில் இந்தக் குமாரன் தவறாமல் நடக்கிறான் என்பது அவர் சொல்ல வந்தது. 'நிறைவேறியது' என்று அவர் எழுதும்போது ஓசியாவின் பழைய பொருள் அழியவில்லை. அது இருந்தால்தான் மத்தேயுவின் ஒப்புமையே நிற்கும்.

ராமாவில் ராகேல் அழும் வசனமும் இப்படித்தான். எரேமியா 31:15-இல் அந்த அழுகை பாபிலோனுக்குப் போன கைதிகளுக்கானது. எருசலேம் வீழ்ந்தபின் கைதிகளை விலங்கிட்டுச் சேர்த்து வைத்த இடம் ராமா என்று எரேமியா 40:1 காட்டுகிறது. அங்கே அழுகைக்கு அடுத்த வரி, அழாதே, உன் பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்பது. பெத்லகேமின் துயரத்துக்கு மத்தேயு அந்தத் துயரத்தின் குரலை எடுத்துக்கொள்கிறார்.

இம்மானுவேலிலும் அவர் எடுத்தது பெயரை. காலக்கெடுவை அவர் தொடவே இல்லை. சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் 'தேவன் நம்மோடு' என்று தொடங்கி, கடைசி வசனத்தில் 'நான் உங்களுடனேகூட இருக்கிறேன்' என்று முடிக்கிறார். மத்தேயுவுக்கு முன் ஏசாயா 7:14-ஐ மேசியாவோடு இணைத்த யூத நூல் எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. கன்னிப் பிறப்பைச் சொல்லும் லூக்காவும் இந்த வசனத்தை எடுத்தாளவில்லை. ஆக, வசனத்துக்காக யாரும் கதை கட்டவில்லை என்பது என் முடிவு. இயேசுவைப் பற்றிய நம்பிக்கை முதலில் வந்தது, அதன் வெளிச்சத்தில் பழைய வசனத்தைத் திரும்பப் பார்த்தார்கள்.

இப்படித் திரும்பப் பார்ப்பது கிறிஸ்தவர்கள் கண்டுபிடித்த வழக்கம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது எபிரேய வேதத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டது. பாபிலோனிய ஆட்சி எழுபது ஆண்டு என்றார் எரேமியா. தானியேல் 9 அந்த வாக்கையே கையில் எடுத்து, எழுபது வாரங்கள், அதாவது எழுபது ஏழாண்டுகள் என்று நீட்டிக்கொள்கிறது. கி.மு. 167-இல் அந்தியோகஸ் எப்பிபானஸ் என்ற கிரேக்க அரசன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்திய நாட்களின் வேதனைதான் தானியேலின் பின்பகுதியில் கேட்கிறது என்பது இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. போர்ஃபிரி என்ற தத்துவவாதி இதை மூன்றாம் நூற்றாண்டிலேயே சொன்னார். வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் தன் தானியேல் உரையில் அவரோடு மல்லுக்கட்டினார். பிறகு கி.பி. 70-இல் ரோமர் ஆலயத்தை எரித்தார்கள். அதன்பின் எழுந்த யூத நூலான நான்காம் எஸ்றாவில் தேவதூதர் வெளிப்படையாகவே சொல்கிறார்: தானியேல் கண்ட நான்காம் ராஜ்யத்தின் விளக்கம் உனக்கு இப்போது சொல்லப்படுகிறபடி அவனுக்குச் சொல்லப்படவில்லை. மறுவாசிப்பு என்று தெரிந்தே செய்த மறுவாசிப்பு அது. இந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும்.

1947 முதல் கும்ரான் குகைகளில் கிடைத்த சாக்கடல் சுருள்களில் ஆபகூக்கின் உரை ஒன்று இருக்கிறது. ஆபகூக் கல்தேயரை, அதாவது பாபிலோனியரைப் பற்றிப் பேசினார். உரையாசிரியர் அவர்களைக் 'கித்தீம்' என்கிறார், ரோமரைத்தான் சொல்கிறார். கடைசிக் காலத்தைப் பற்றி எழுதச் சொன்ன தேவன் அதன் நிறைவை ஆபகூக்குக்கு அறிவிக்கவில்லை, தங்கள் குழுவின் தலைவரான 'நீதியின் போதகருக்கே' அறிவித்தார் என்றும் அது சொல்கிறது. 'விசுவாசத்தினால் நீதிமான் பிழைப்பான்' என்ற 2:4-ஐ, நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டு அந்தப் போதகரிடம் உண்மையாயிருப்பவர்களுக்குப் பொருத்துகிறது. அதே வசனத்தைப் பவுல் ரோமருக்கும் கலாத்தியருக்கும் எழுதிய நிருபங்களில், நியாயப்பிரமாணத்தின் கிரியைகளால் அல்ல என்று வாதிட எடுத்தார். ஒரே வசனம், இரண்டு யூத வாசிப்புகள், நேர்எதிர்த் திசைகள். ஆபகூக்கோ கல்தேயரின் குதிரைகள் வரும் வேளையில் எப்படித் தாக்குப்பிடிப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு தவறு எங்கே நுழைந்தது? சபை யூதச் சூழலை விட்டு விலகியபோது. மத்தேயுவின் வாசகர்களுக்குப் பழைய கதை தெரியும், மேலே வைத்த புதிய பொருளும் தெரிந்தது. அடுத்த தலைமுறைகளில் பழைய கதை மறைந்து வசனங்கள் ஆதாரப் பட்டியலாயின. அந்தப் பட்டியலை ஏற்காத யூதர்கள் குருடர்கள், பிடிவாதக்காரர்கள் என்று ஜஸ்டின் காலத்திலிருந்தே எழுதத் தொடங்கிவிட்டார்கள். சபைக்குள்ளேயே தீர்க்கதரிசிகளை அவர்கள் காலத்தில் வைத்து வாசித்த மொப்சுவெஸ்தியாவின் ஆயர் தியோடோர், இறந்து நூறாண்டுக்கு மேல் ஆனபின் 553-இல் கான்ஸ்டான்டிநோபிள் பொதுச்சங்கத்தில் கண்டிக்கப்பட்டார். அவருடைய இந்த வாசிப்பு முறையும் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

1263-இல் பார்சலோனாவில் அரகோன் அரசன் ஜேம்ஸ் முன்னிலையில், மதம் மாறிய பாப்லோ கிறிஸ்தியானியோடு நஹ்மனிதஸ் என்ற ரப்பி வாதிட வேண்டியிருந்தது. யூத நூல்களைக் கொண்டே மேசியா வந்துவிட்டார் என்று நிரூபிப்பது எதிர்த்தரப்பின் முயற்சி. நஹ்மனிதஸ் அரசனைப் பார்த்துக் கேட்டதில் ஒன்று: பட்டயங்களை மண்வெட்டிகளாக அடிப்பார்கள் என்று ஏசாயா சொன்னாரே, இயேசுவின் காலமுதல் இன்றுவரை உலகம் வன்முறையால் நிறைந்திருக்கிறதே? அவர் எழுதிவைத்த குறிப்பின்படி அரசன் அவருக்குப் பரிசு கொடுத்து அனுப்பினான். ஆனால் அந்தக் குறிப்பே அவருக்கு வினையாயிற்று. முதுமையில் நாட்டை விட்டு வெளியேறி 1267-இல் எருசலேம் போய்ச் சேர்ந்தார். வசனங்களை ஆதாரப் பட்டியலாக்கியதற்கு மற்றவர்கள் விலை கொடுத்தார்கள். நாம் பழைய பொருளைக் கற்றாக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது பெரிய காரணம்.

பாடுபடும் தாசனைச் சொல்லும் ஏசாயா 53 பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். அது இன்னும் கடினம். 40 முதல் வரும் அதிகாரங்களின் பின்னணி பாபிலோனியச் சிறையிருப்பு. கி.மு. 539-இல் பாபிலோனைப் பிடித்த பாரசீக அரசன் கோரேசு பெயர் சொல்லியே அழைக்கப்படுகிறான், அவன்தான் ஆண்டவரின் அபிஷேகம் பெற்றவன் என்று 45:1 சொல்கிறது. 'என் தாசன்' இஸ்ரவேல் என்று 41, 44, 49ஆம் அதிகாரங்கள் வெளிப்படையாகச் சொல்கின்றன. அதனால் 53-இன் தாசனும் சிதறடிக்கப்பட்ட ஜனமே என்று யூதர்கள் தன்னிடம் வாதிட்டதாக மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற கிறிஸ்தவ அறிஞர் எழுதினார். ராஷியும் அப்படியே வாசித்தார். ஆனால் அதே 49-இல் தாசனுக்கு இஸ்ரவேலை மீட்டுக்கொண்டுவரும் வேலையும் இருக்கிறது. 'என் ஜனத்தின்' மீறுதலுக்காக அடிக்கப்பட்டான் என்று 53 சொல்கிறது. ஜனமே ஜனத்துக்காகவா? பழைய அரமேய மொழிபெயர்ப்பான தர்கூம் தாசனை மேசியா என்கிறது, பாடுகளை மட்டும் வேறு ஆட்கள்மேல் ஏற்றிவிடுகிறது. அப்போஸ்தலர் 8-இல் எத்தியோப்பிய மந்திரி பிலிப்புவிடம் கேட்டார்: தீர்க்கதரிசி யாரைக் குறித்துச் சொல்கிறார், தம்மைக் குறித்தா, வேறொருவரைக் குறித்தா? சரியான கேள்வி. பிலிப்பு அந்த வசனத்தில் தொடங்கி இயேசுவைப் பிரசங்கித்தார் என்றுதான் லூக்கா எழுதுகிறார். ஏழாம் அதிகாரத்தில் உள்ள உறுதியோடு இங்கே என்னால் பேச முடியாது. சிறையிருப்பில் இருந்தவர்களுக்குத் தங்கள் துன்பத்தின் பொருளைச் சொன்ன பாடல் அது என்பதில் மட்டும் உறுதியாக இருக்கிறேன்.

கடைசிக் கேள்வி, விசுவாசத்தோடு எப்படி வாசிப்பது. 'எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே துல்லியமாகச் சொன்னார், ஆகவே இயேசு மேசியா' என்ற வாதத்தின்மேல் உங்கள் விசுவாசம் நின்றால் அது ஆடும். அந்த வாதத்தை விட்டுவிடுங்கள். சீஷர்கள் அதனால் நம்பியவர்கள் அல்லர், இயேசுவைச் சந்தித்து நம்பியபின் வேதத்தைத் திறந்தவர்கள். யூத வாசிப்பைப் பற்றி ஒரு தகவல்: கத்தோலிக்கத் திருச்சபையின் திருத்தந்தை விவிலிய ஆணையம் 2001-இல் வெளியிட்ட ஆவணத்தில், வேதத்தின் யூத வாசிப்பு சாத்தியமான வாசிப்பே என்றும், யூதர்களின் மேசியா எதிர்பார்ப்பு வீணல்ல என்றும் சொன்னது. புராட்டஸ்டண்ட் சபைகளில் இருப்பவர்களும் அதை அறிந்திருப்பது நல்லது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன், 2 இராஜாக்கள் 16, ஏசாயா 7, 8 மூன்றையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். அதன்பின் மத்தேயு முதல் நான்கு அதிகாரங்கள். ஓசியா 11-ஐ முதல் வசனத்தோடு நிறுத்தாமல் எட்டாம் வசனம்வரை போங்கள்: 'எப்பிராயீமே, நான் உன்னை எப்படிக் கைவிடுவேன்?' ஓசியா இதைச் சொல்லிச் சில ஆண்டுகளில் எப்பிராயீம், அதாவது வட இஸ்ரவேல், அசீரியர் கையில் விழுந்தது. மத்தேயு எடுத்தாண்ட அரை வசனத்துக்கு எத்தனை கனம் இருந்தது என்று அப்போது புரியும்.